கை வெக்கிறது யாரு?

1895 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் என்ற ஊரில் ராண்ட்ஜன் வாத்தியார் தன் வீட்டம்மாவை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். மனுஷன் ஆறு வாரத்துக்கு மேலாக அந்த அறையே கதியென்று கிடந்தார். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. இன்றைக்காவது பெண்டாட்டி நினைப்பு வந்ததே என்று அன்னா பெர்த்தா அம்மாள் போய் நின்றால், "இந்தத் தட்டு மேல கையை வை, கால் மணி நேரம் ஆட்டாதே" என்றார். அம்மாள் கல்யாண மோதிரத்தோடு கையை வைத்தார். தட்டைக் கழுவிப் பார்த்தால் விரல் எலும்பும் மோதிரமும் மட்டும் தெரிகின்றன. தன் சாவையே கண்ணால் பார்த்துவிட்டதாக அந்த அம்மாள் சொன்னார் என்பார்கள்.

எக்ஸ்ரே புகழ்பெற்றது இந்தப் படத்தால்தான். ராண்ட்ஜனுக்கு 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கும் இரண்டு கைகள் இருந்தன என்பதை மட்டும் எந்தப் பாடப்புத்தகமும் எண்ணிப் பார்ப்பதில்லை. நியாயமாகச் சொன்னால், அவர் தன் கை எலும்பைத் திரையில் ஏற்கெனவே பார்த்திருந்தார். பார்த்திருந்ததால்தானோ என்னவோ, கால் மணி நேரம் வைக்க வேண்டிய அன்றைக்கு வீட்டம்மாவின் கை வந்து சேர்ந்தது.

உடம்புக்குள்ளே படமெடுக்கும் கருவிகளைக் கை படாமல் இயக்குவது பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சாக இருக்கிறது. கையசைத்தால் படம் நகரும், சொன்னால் பெரிதாகும், கண்ணைக் காட்டினால் திரும்பும் என்கிறார்கள். ஏதோ நேற்றுப் பிறந்த ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை பழையது, அது நடந்தேறிய விதமும் பழையது. என் கை படக்கூடாது என்றால் அடுத்தவர் கை பட்டுக்கொள்ளட்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பாலமலை ரங்கநாதர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, கீழே கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் லேத்து ஓட்டியும் மில்லுக்குப் போயும் பிழைக்கிற எங்கள் பெரியநாயக்கன்பாளையத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "தானா ஓடுதுங்" என்று யாராவது ஒரு மிஷினைக் காட்டினால், நாங்கள் அதன் பின்னால் போய் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்போம்.

1896 பிறந்ததும் உலகத்துக்கே எக்ஸ்ரே பைத்தியம் பிடித்தது. லண்டனில் ஒரு கம்பெனி எக்ஸ்ரே ஊடுருவாத உள்ளாடை என்று விளம்பரம் போட்டு விற்றது. திருப்பூரில் அப்போது பனியன் தொழில் இல்லாமல் போனது நம் துரதிர்ஷ்டம். ஒரு கன்டெய்னர் அனுப்பியிருக்கலாம்.

பட்டாளத்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1898-ல் சூடான் போரில் மேஜர் பேட்டர்ஸ்பி என்ற ராணுவ டாக்டர் எக்ஸ்ரே கருவியைப் பாலைவனத்துக்கே கொண்டுபோய்விட்டார். போனது சரி, கரன்ட்டுக்கு எங்கே போவது? இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் மாட்டி டைனமோவைச் சுற்றவிட்டு, அதில் பேட்டரியை ஏற்றினார். சோல்ஜர்கள் மாற்றி மாற்றி மிதித்தார்கள். குண்டு எங்கே தைத்திருக்கிறது என்று மேஜர் துரை பார்த்துச் சொன்னார். மருத்துவ வரலாறு பேட்டர்ஸ்பியின் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த வெயிலில் மிதித்தவர்கள் பெயர் தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.

நம்ம ஆள் ஒருவரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், ராண்ட்ஜன் கதிரைக் கண்டுபிடித்த அதே வாக்கில், டவுன் ஹாலில் கூட்டம் கூட்டி, கம்பியே இல்லாமல் தூரத்திலிருந்து மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். அலை சுவரைத் தாண்டிப் போனது. லெப்டினன்ட் கவர்னர் துரையின் உடம்பு வழியாகவும் போனது என்று சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரையின் தொப்பைக்குள் அலையைச் செலுத்தி எதிர்ப்பக்கம் மணி அடித்தவரைச் சுதந்திரப் போராட்டப் பட்டியலில் சேர்க்காதது என்ன நியாயம்? எக்ஸ்ரே செய்தி வந்த சூட்டோடு அதற்கும் ஒரு கருவியைத் தானே செய்து, கல்கத்தா டாக்டர்கள் அனுப்பிய நோயாளிகளுக்குப் படமெடுத்துக் கொடுத்தார். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். தொலைவிலிருந்து தட்டுகிற சுவிட்ச் ஒரு மேஜையில், எக்ஸ்ரே குழாய் அடுத்த மேஜையில்.

அமெரிக்காவில் எடிசன். இவர் கதையில் சிரிப்பு கொஞ்ச தூரம்தான் வரும். 1896-லேயே கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரையை வைத்து, கண்ணுக்கு நேரே எலும்பு தெரிகிற பெட்டியைச் செய்துவிட்டார். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வழி? குழாய்க்கும் திரைக்கும் நடுவே ஒரு கையை நீட்டினால் போதும், எலும்பு தெளிவாகத் தெரிந்தால் குழாய் நல்ல குழாய். நீட்டியது கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர், கண்ணாடி ஊதுகிற தொழில் தெரிந்தவர். நாள் முழுவதும் நீட்டினார். இடது கை வெந்து புண்ணானதும் வலது கையை நீட்டினார். கடைசியில் இரண்டு கைகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. 1904-ல், 39 வயதில், செத்துப்போனார். அந்தக் கைகளைப் பார்த்த எடிசன் அதற்கு முன்பே எக்ஸ்ரே என்றாலே பயமாக இருக்கிறது, என்னிடம் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் கைகள் கடைசிவரை நன்றாகவே இருந்தன.

டாலி ஒருவரோடு முடியவில்லை. 1936-ல் ஹாம்பர்க் நகரத்தில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில், கதிர்வீச்சில் உயிர்விட்ட மருத்துவர்கள், தொழில்நுட்பர்கள், நர்ஸ்கள் நினைவாக ஒரு கல் நட்டார்கள். அன்றைக்கு அதில் 169 பெயர்கள். பிறகு பெயர்கள் கூடிக்கொண்டே போயின.

இந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் எக்ஸ்ரே மிஷினிடமிருந்து கையைப் பிரிக்கும் வேலை ஒழுங்காகத் தொடங்கியது. ஈயச் சுவர் வந்தது, ஈயக் கண்ணாடி வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்ச் போனது. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வருகிற எக்ஸ்ரே வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? சுருட்டை சுருட்டையாக ஒரு ஒயர் தொங்கும், அதன் நுனியில் கட்டை விரலுக்கென்றே செய்த ஒரு பொத்தான். பாதி அழுத்தினால் உள்ளே ஏதோ சுழல்கிற சத்தம், முழுதாக அழுத்தினால் கதிர். ஒயரை இழுக்க முடிந்த மட்டும் இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரையும் அவர் மச்சானையும் "அப்படித் தள்ளி நில்லுங்" என்று விரட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்குவார்கள். அந்த இரண்டு மீட்டர் ஒயருக்குப் பின்னால் ஹாம்பர்க் கல்லில் உள்ள பெயர்கள் அத்தனையும் இருக்கின்றன.

இது வெந்துபோன கையின் வரலாறு. அழுக்கான கைக்குத் தனி வரலாறு உண்டு, அதில் டாக்டர்கள் இன்னும் மோசமாக நடந்துகொண்டார்கள்.

1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்பவர் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். டாக்டர்கள் பிரசவம் பார்க்கிற வார்டில் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள், மருத்துவச்சிகள் பார்க்கிற வார்டில் அவ்வளவு பேர் சாவதில்லை. காரணம், டாக்டர்கள் பிணவறையில் அறுத்துவிட்டு அதே கையோடு வார்டுக்கு வருகிறார்கள். குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள் என்றார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, கோடையில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. மாலை போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரிய மனிதர்களின் கையை அழுக்கு என்று சொல்லிவிட்டானே என்று கோபப்பட்டார்கள். வேலை போனது, ஊரைவிட்டுப் போனார், 1865-ல் மனநல விடுதியில் செத்தார். நம்மூரில் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தியிடம் "கையக் கழுவீட்டு வாங்" என்று சொல்லிப் பாருங்கள், செம்மல்வைஸின் கஷ்டம் புரியும்.

லிஸ்டர் கொஞ்சம் சாமர்த்தியசாலி. கையோடு நிற்காமல் காற்றின் மேலும் பழியைப் போட்டார். ஆபரேஷன் நடக்கும்போது கார்பாலிக் அமிலத்தைப் புகையாகத் தெளிக்கிற ஒரு பம்பு செய்தார். பம்பை அடிக்க ஒரு ஆள் தனியாக நின்றார். அவருக்கும் கண் எரிந்தது, இருமினார், கை வெளுத்தது. 1890-ல் லிஸ்டரே இந்தப் புகை வீண்வேலை என்று ஒப்புக்கொண்டார். பம்பு அடித்தவர்களுக்கு யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

ரப்பர் கையுறை வந்த கதை இவற்றையெல்லாம் விட நல்ல கதை. பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன். அவருடைய ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்கு மருந்துத் தண்ணீரில் கை நனைத்து நனைத்துத் தோல் உரிந்தது, வேலையை விடுவதாகச் சொன்னார். ஹால்ஸ்டெட் பதறிப்போய் குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, அந்த அம்மாள் கைக்கு அளவெடுத்து மெல்லிய கையுறை செய்து வாங்கினார். 1890-ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். கிருமியை நினைத்து யாரும் கையுறை போடவில்லை, அதெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட காரணம். இந்த நெடுங்கதையில் அடுத்தவர் கையைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான், அதற்கும் காதல் தேவைப்பட்டது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு வருவோம். இங்கே ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்கு 1934-ல் அடிக்கல் நாட்டியது காந்தி. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் 1909-லேயே புத்தகம் எழுதி வாங்கு வாங்கென்று வாங்கியவர் காந்தி. அவருக்கே 1924 ஜனவரியில் ஏரவாடா சிறையில் குடல்வால் அழற்சி வந்து, புனே சசூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மேடாக் ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. பாதியில் கரன்ட் போனது. நர்ஸ் டார்ச் பிடித்தார், டார்ச்சும் போனது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். தையல் போட்ட கர்னலின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சர்ஜன் தொடாமலே வெளிச்சம் அவருக்கு வேண்டிய இடத்தில் வந்து நின்றதே, அது எப்படி நின்றது? மகாத்மாவின் வயிறு திறந்திருக்க, விளக்கை ஆடாமல் பிடித்த கையால் நின்றது.

அடுத்த பத்து வருஷத்தில் நம் பக்கமும் வெளிச்சம் வந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் கோயம்புத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. 1934-ல் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறந்தார்கள். எலும்பு முறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை புத்தூர்க் கட்டு மாதிரி ஒரு கட்டும், கட்டுகிறவர் கைராசியும்தான் துணை. இந்தக் காலத்தில் இங்கே ஜி.டி. நாயுடு என்றொருவர் எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சார ரேசர் செய்தார், காசு போட்டால் பாடுகிற பெட்டி செய்தார், பழம் பிழிய மிஷின் செய்தார், ஓட்டுப் பதிய மிஷின் செய்தார். எக்ஸ்ரே மிஷினை மட்டும் யாரோ அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்க வேண்டும். கிடைத்திருந்தால் நாலணாப் போட்டு, நெஞ்சைக் காட்டி நின்றால், படம் தானே கீழே விழுகிற பெட்டி ஒன்று ரயில்வே ஸ்டேஷனில் நின்றிருக்கும். வரி போட்டிருப்பார்கள், அவரும் கோபத்தில் அதை உடைத்திருப்பார்.

1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. சுவிஸ் ரீட்டர் கம்பெனியோடு சேர்ந்து நூல் மிஷின் செய்கிற தொழிற்சாலை. பஞ்சு ஒரு பக்கம் போனால் நூல் மறுபக்கம் வரும், கையே படாது என்று வெளியூர் விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டலாம். ஆனால் அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டுகிற சைடரையும், கதிர் நிறைந்ததும் கழற்றி மாற்றுகிற டாஃபரையும் மறைத்து நின்றுகொண்டு காட்ட வேண்டும். இந்த ஊரில் பாதிக் குடும்பம் அந்தக் கையில் வளர்ந்ததுதான். அதனால்தான் சொன்னேன், நாங்கள் மிஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற ஜாதி.

மறுபடி ஆஸ்பத்திரி. ஃபிலிம் இருந்த காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு தொந்தரவும் இல்லை என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு விளக்குப் பெட்டி. அதன் மேல் பட்டைக்குள் ஃபிலிமைச் செருகினால் "சடக்"கென்று பிடித்துக்கொள்ளும். சர்ஜன் தலையைத் திருப்பினால் படம் தெரியும், இரண்டடி கிட்டப் போனால் பெரிதாகத் தெரியும். பெரிதாக்குவதற்கு இதைவிட நல்ல வழி இன்றுவரை வரவில்லை. அந்த ஃபிலிம் வீட்டுக்கு வந்து பீரோவின் மேலேயோ காலண்டருக்குப் பின்னாலேயோ முப்பது வருஷம் இருந்தது. டவுன்பஸ்ஸில் ஒருவர் அந்தப் பெரிய உறையை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினால், கண்டக்டரே எழுந்து சீட்டுக் கேட்டுக் கொடுப்பார்.

இதைக் கெடுத்தது கம்ப்யூட்டர். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு, வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில், ஆம், கிராமபோன் ரிக்கார்டு போட்ட அதே இ.எம்.ஐ.தான். ஒரு படம் இருந்த இடத்தில் அடுக்கடுக்காக நூறு படங்கள் வந்தன. அத்தனையையும் சுவரில் மாட்ட முடியாது, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்ட மவுஸ் வேண்டும். மவுஸைத் தொட்டால் கை போச்சு, மறுபடி முழங்கை வரை பல நிமிடம் தேய்த்துக் கழுவி, கவுன் மாற்றி, கையுறை மாற்றி வர வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் இருக்கிற மவுஸ் எத்தனை பேர் கை பட்டது என்று அதற்கே தெரியாது. சில சர்ஜன்கள் கவுனின் நுனியை மவுஸின் மேல் போர்த்திப் பிடித்து உருட்டினார்கள். மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தியேட்டருக்குள் நின்று கவனித்து, இதைக் கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். செம்மல்வைஸ் இருந்திருந்தால் இன்னொரு முறை ஊரைவிட்டுப் போயிருப்பார்.

அடுத்தது குரல். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் விட்ட கேமராவை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பெரும்பாலும் பி.ஜி. படிக்கிற ஜூனியர். கால் மரத்துப் போகும், கொட்டாவி விட்டால் படம் ஆடும், படம் ஆடினால் திட்டு விழும். 1990களில் அமெரிக்காவில் ஈசாப் என்று ஒரு ரோபோக் கை செய்து கேமராவை அதனிடம் கொடுத்தார்கள். முதலில் காலால் இயக்கினார்கள், பிறகு சொன்ன பேச்சைக் கேட்க வைத்தார்கள். ஒவ்வொரு சர்ஜனும் தன் குரலை முன்கூட்டியே அதற்குப் பழக்கி வைக்க வேண்டும். இவர் பேச்சை மட்டும்தான் கேட்கும், அவர் பேச்சைக் கேட்காது. ஜூனியருக்கு அந்த வசதி இல்லை, எல்லார் பேச்சையும் கேட்டாக வேண்டும்.

பிறகு 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. பிள்ளைகள் டி.வி. முன்னால் நின்று குதித்தால் திரையில் உள்ள ஆளும் குதிப்பான். சர்ஜன்களுக்குக் கண் விரிந்தது. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கையசைவில் ஸ்கேன் படம் பார்க்கிற ஏற்பாட்டை அதற்கு முன்பே செய்து, வாஷிங்டனில் ஒரு மூளை அறுவையில் வைத்துப் பார்த்திருந்தார்கள். இப்போது கடையில் வாங்குகிற விலைக்கே வந்துவிட்டது. 2011-ல் டொரான்டோ சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். 2012-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பெருந்தமனி அறுவையில் மாட்டினார்கள். பெரிய பெரிய பத்திரிகைகளில் சர்ஜன்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிற படங்கள் வந்தன.

சங்கடம் என்னவென்றால், கழுவிய கைக்கு ஓர் எல்லை உண்டு. இடுப்புக்குக் கீழேயும் போகக்கூடாது, தோளுக்கு மேலேயும் போகக்கூடாது. பிள்ளைகள் விளையாடச் செய்த பெட்டியோ கையை நன்றாக வீசச் சொல்கிறது. மேஜையைச் சுற்றி நாலு பேர் நெருக்கியடித்து நிற்கும்போது எது தலைமை சர்ஜனின் கை, எது கத்தரி நீட்டுகிற நர்ஸின் கை என்று பெட்டிக்குக் குழப்பம். பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த இடம்தான் சார்" என்று விரலை நீட்டினால், தனக்குத்தான் சொல்கிறார் என்று படத்தைப் புரட்டிவிடும். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, ஆயிரமா ஐந்நூறா என்று சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது, பேசுகிற இருவருக்கும் ஒரு ரூபாய் பிசகாது. அந்த விரல் பேச்சில் நூற்றில் ஒரு பங்கு நுணுக்கம் கினெக்டுக்கு இல்லை. 2017-ல் கம்பெனி கினெக்ட் செய்வதையே நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டதாம், டாக்டர்களை யார் கேட்டார்கள்?

சரி, இன்றைக்கு நம் கோயம்புத்தூர் எலும்பு ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கிறது? தொடை எலும்புக்குள் கம்பி இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பெரிய சி-ஆர்ம் மிஷினுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு நிறுத்தியிருக்கும். தரையில் அதன் கால்மிதி, பக்கத்தில் ரத்தநாளத்தைச் சுடுகிற கருவியின் கால்மிதி, இரண்டும் பிளாஸ்டிக் பைக்குள். சர்ஜன் குனிந்து பார்க்க முடியாது, காலால் துழாவினால் எது எதுவென்று தெரியாது. அவர் ஏன் துழாவ வேண்டும்? ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு டெக்னீஷியன் தம்பி நிற்கிறார்.

"ஷூட்."

டெக்னீஷியன் அமுக்குகிறார்.

"தலைப்பக்கம் வா. இன்னும். போதும் போதும். ஷூட். லேட்டரல் வா."

தம்பி அத்தனை கனமான மிஷினைச் சக்கரத்தோடு தள்ளி, வளைத்து, பூட்டி, மறுபடி அமுக்குகிறார். இந்த சர்ஜன் "கொஞ்சம்" என்றால் இரண்டு விரற்கடை, அந்த சர்ஜன் "கொஞ்சம்" என்றால் அரை அடி, பெரிய டாக்டர் ஒன்றுமே சொல்லாமல் தொண்டையைச் செருமினால் படத்தைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குரலுக்கும் கைக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிகிற கருவி வேண்டும் என்று உலகமெல்லாம் தேடுகிறார்களே, அது இங்கே மாதச் சம்பளத்தில் நிற்கிறது. சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீக் குடிக்கப் போகும்.

கரோனா வந்தபோது மொத்த ஊரும் சர்ஜனாகிவிட்டது. எதையும் தொடாதே என்றார்கள். பட்டறைகளில் பம்பு வேலை நின்றதும், இரும்புப் பைப்பை வளைத்துக் காலால் மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு செய்து தள்ளினார்கள். ராண்ட்ஜன் காலத்திலிருந்து வந்த கண்டுபிடிப்புகளிலேயே விலை குறைந்ததும் ஒழுங்காக வேலை செய்ததும் அதுதான். இப்போது அவற்றில் பல, கடை வாசலில் குடை மாட்ட நிற்கின்றன.

ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கிறவரையும் இப்போது கை படாமல்தான் இயக்குகிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்து அமுச்சி (பாட்டி) ஒருத்தர் வயிற்றுவலிக்கு சி.டி. எடுக்கப் போனார். கூடப் போனவன் நான். டெக்னீஷியன் தம்பி அவரை மேஜையில் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்து, "உள்ள ஒரு குரல் வருங் அமுச்சி, அது சொல்றபடி மூச்சப் புடிச்சு விடுங், பேசக்கூடாதுங்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். மேஜை நகர்ந்தது. பதிவுசெய்த ஒரு பெண் குரல், தேன் ஒழுக, "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்... அப்படியே அடக்குங்கள்" என்றது.

"சரிங்க அம்மிணி" என்றார் அமுச்சி, மூச்சு முழுவதையும் வெளியே விட்டு.

படம் ஆடிவிட்டது. தம்பி மைக்கில் வந்து, பதில் பேசக்கூடாது என்று கெஞ்சினார். மறுபடி குரல். இந்த முறை அமுச்சி பேசவில்லை, மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டினார், கூடவே வயிறும் ஆடியது. மூன்றாவது முறை தம்பியே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ஏஞ்சாமி," என்றார் அமுச்சி படுத்தபடியே, "அந்தப் புள்ளய வெளிய வரச் சொல்லு. அத்தன மருவாதியாக் கேக்குது, மறஞ்சு நின்னுட்டே கேட்டா நான் பதில் சொல்லாம கம்முனு கெடந்தா நல்லாவா இருக்கும்?"